பகலில் வக்கீல், மாலையில் ராஜா

உங்கள் தமிழ்ப் பள்ளியில் ஆண்டு விழா வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு நாடகம் போட வேண்டும். யார் ராஜா, யார் ராணி, யார் மரமாக நிற்பது என்று முதலில் ஒரு சின்னச் சண்டை நடக்கும். அப்புறம் ஒத்திகை. ஒருவருக்கு நீச்சல் வகுப்பு, இன்னொருவருக்குப் பரீட்சை, மூன்றாவது ஆளுக்குச் சளி. எல்லோரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தால் அதுவே பெரிய விஷயம்! நன்றாக வசனம் பேசுகிற பையனுக்குப் பாட்டு வராது. நன்றாகப் பாடுகிற பெண்ணுக்கு மேடை ஏறினால் கை கால் நடுங்கும். என்ன பண்றது?

வேறு வேலையோ படிப்போ இருக்கிறவர்கள், சம்பளம் வாங்காமல், ஆசைக்காகச் சேர்ந்து போடுகிற நாடகத்தை அமெச்சூர் நாடகம் என்பார்கள். தமிழில் இதைப் பயில்முறை நாடகம் என்றும் சொல்வதுண்டு. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் சில இளைஞர்கள் இப்படி ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் இருந்தன. இன்னும் பெரிய தொல்லை ஒன்றும் இருந்தது. அந்தக் காலத்தில் நாடகம் ஆடுவது கௌரவமான குடும்பத்துக்கு அவமானம் என்று ஊர் நினைத்தது.

அந்த இளைஞர்களில் ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பாடம். அவர் பெயர் பம்மல் சம்பந்த முதலியார்.

பம்மல் என்பது ஓர் ஊர். நீங்கள் விமானத்தில் சென்னையில் போய் இறங்கினால், விமான நிலையத்திலிருந்து அது ரொம்பத் தூரம் இல்லை. பல்லாவரத்தை ஒட்டி இருக்கிறது. அவருடைய குடும்பத்தின் பூர்விக ஊர் அது. ஆனால் சம்பந்தம் 1873ஆம் ஆண்டு பிறந்ததும், ஓடி விளையாடியதும், படித்ததும் சென்னை நகரத்தில்தான். அப்பா விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் இருந்தவர், தமிழ்ப் புத்தகங்களை வெளியிட்டவர். அம்மா மாணிக்கவேலு அம்மாள். வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. பையன் தமிழும் படித்தான், ஆங்கிலமும் படித்தான். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் என்றால் அவனுக்கு உயிர்.

சரி, அப்படிப்பட்டவருக்குத் தமிழ் நாடகமும் பிடித்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! சின்ன வயதில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காது. அது தனக்கு ஏற்றதல்ல என்று ஒதுங்கியே இருந்தார்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அந்தக் காலத்து நாடகம் எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்த்தால் புரியும்.

ஊரில் நாடகம் என்றால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும். விடியும் வரை நடக்கும். கூத்தாடி கிழக்கே பார்ப்பான் என்று ஒரு பழமொழி உண்டு. எப்போது சூரியன் வரும், எப்போது நாடகத்தை முடிக்கலாம் என்று கிழக்குத் திசையைப் பார்த்துக்கொண்டே ஆடுவானாம் கூத்தாடி. பாவம், எவ்வளவு களைப்பாக இருந்திருக்கும்! நாடகம் முழுவதும் பாட்டு. ராஜா வரும்போது பாட்டு, கோபம் வந்தால் பாட்டு, அழுதால் பாட்டு. இரண்டு பேர் வாக்குவாதம் செய்தால் அதுவும் பாட்டு. நடுநடுவே பேசுகிற பேச்சை யாரும் எழுதித் தருவதில்லை. நடிகர்கள் அந்த நேரத்தில் மனதில் தோன்றியதைப் பேசுவார்கள். சில சமயம் கதையை மறந்துவிட்டு, நீ பெரியவனா நான் பெரியவனா என்று மேடையிலேயே போட்டியில் இறங்கிவிடுவார்களாம்.

அந்த நடிகர்களில் அருமையான பாடகர்கள் இருந்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தாலும், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் குரல் கேட்க வேண்டும். அதனால் ரொம்ப உயர்ந்த சுருதியில் பாடுவார்கள். அந்த உயரத்தைக் கட்டை என்று கணக்குச் சொல்வார்கள். ஐந்து கட்டையில் பாடுகிறார், ஆறு கட்டையில் பாடுகிறார் என்று மக்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். பாட்டு பிடித்துப்போனால் ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர் என்று கத்துவார்கள். சண்டையில் செத்துக் கிடந்த ராஜா, ஒன்ஸ்மோர் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, பாட்டை இன்னொரு தடவை பாடிவிட்டு, மறுபடியும் செத்துப்போன கதையெல்லாம் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இவ்வளவு திறமை இருந்தும் நடிகர்களுக்கு மரியாதை இல்லை. கூத்தாடி என்பது திட்டுகிற சொல்லாகவே ஆகிப்போனது. இரவெல்லாம் அவர்கள் பாட்டைக் கேட்டுக் கைதட்டியவர்களே, பகலில் அவர்களைத் திண்ணையில்கூட உட்கார வைக்க மாட்டார்கள். இது என்ன நியாயம் சொல்லுங்கள்! ஆங்கிலம் படித்த வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் நினைத்தார்கள். இளம் சம்பந்தமும் அதில் ஒருவர்தான்.

1891ஆம் ஆண்டு இது மாறியது. பல்லாரி என்ற ஊரிலிருந்து ஒரு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. பல்லாரி இப்போது கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. அப்போது அது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. குழுவின் பெயர் சரச விநோதினி சபை. நாடகம் தெலுங்கு மொழியில். சம்பந்தம் போய்ப் பார்த்தார். பார்த்தவர் அசந்துபோனார்.

நாடகம் நன்றாக இருந்தது மட்டும் காரணம் இல்லை. மேடையில் நின்றவர்கள் யார் என்று விசாரித்தபோதுதான் அவருக்கு ஆச்சரியம். குழுவின் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார் ஒரு வக்கீல்! மற்ற நடிகர்களும் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள். பகலில் ஆபீசுக்குப் போகிறவர்கள் மாலையில் முகத்தில் பூச்சுப் பூசிக்கொண்டு ராஜாவாகவும் மந்திரியாகவும் நிற்கிறார்கள். யாரும் அவர்களைக் கேவலமாகப் பேசவில்லை. சபையே எழுந்து கைதட்டுகிறது.

தெலுங்கில் இது முடியும் என்றால் தமிழில் ஏன் முடியாது? இந்தக் கேள்வி பதினெட்டு வயது சம்பந்தத்தைத் தூங்கவிடவில்லை. நண்பர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அதே 1891ஆம் ஆண்டு, ஜூலை மாதம் முதல் தேதி, ஒரு சின்னக் கூட்டமாகச் சேர்ந்து ஒரு சபையைத் தொடங்கினார்கள். அதற்குச் சுகுண விலாச சபை என்று பெயர் வைத்தார்கள். சுகுணம் என்றால் நல்ல குணம். பெயரைப் பாருங்கள்! நாங்கள் நல்ல பிள்ளைகள்தான், எங்களைத் தப்பாக நினைக்காதீர்கள் என்று ஊருக்குச் சொல்வது போல இல்லையா?

சபை தொடங்குவது சுலபம். நாடகம் போடுவதுதான் கஷ்டம். 1891இல் தொடங்கியவர்கள் முதல் நாடகத்தோடு மேடை ஏறியது 1893இல். ஏறக்குறைய இரண்டு வருஷம்! நாடகக் கம்பெனி நடிகர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, காலை முதல் இரவு வரை பாட்டும் வசனமும் பழகுவார்கள். அதுதான் அவர்களுக்குத் தொழில். சபைக்காரர்கள் நிலைமை அப்படி இல்லை. ஒருவர் கல்லூரி மாணவர், ஒருவர் ஆபீசில் குமாஸ்தா. மாலையில் கிடைக்கிற ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் எல்லாம்.

எந்த நாடகத்தை நடிப்பது? அடுத்த கேள்வி இதுதான். பழைய நாடகங்கள் முழுக்கப் பாட்டாக இருந்தன. சம்பந்தம் பாடகர் அல்ல. அவருடைய பலம் பேச்சு. மேடையில் மனிதர்கள் மனிதர்கள் மாதிரிப் பேச வேண்டும் என்று அவர் விரும்பினார். அப்படிப்பட்ட நாடகம் வேண்டும் என்றால் தானே எழுத வேண்டியதுதான். எழுதினார். புஷ்பவல்லி என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு பாத்திரமும் என்ன பேச வேண்டும் என்பதை முதலிலிருந்து கடைசிவரை உரைநடையில் எழுதினார். மேடையில் தோன்றியதைப் பேசலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதியதை மனப்பாடம் செய்து, எழுதியபடியே பேச வேண்டும். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். உங்கள் ஆசிரியர் உங்களுக்கு வசனத்தை அச்சடித்துத்தான் கொடுக்கிறார். ஆனால் அன்றைக்கு அது புதுசு.

பாட்டை என்ன செய்தார் தெரியுமா? தூக்கி எறியவில்லை. எறிந்திருந்தால் மக்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்! நாடகம் என்றாலே பாட்டுத்தான் என்று பழகிய காதுகள் அல்லவா? ஹார்மோனியமும் மிருதங்கமும் மேடை ஓரத்தில் இருந்தன. நன்றாகப் பாடக்கூடிய நண்பர்களுக்குப் பாட்டு இருந்தது. ஆனால் அளவு குறைந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் பாட்டு என்பது போய், பாட்டு வேண்டிய இடத்தில் பாட்டு, பேச்சு வேண்டிய இடத்தில் பேச்சு என்று ஆனது. அதனால் ஒரு பெரிய நன்மை உண்டானது. பாட வராதவனும் நல்ல நடிகனாக ஆகலாம் என்று ஒரு கதவு திறந்தது. நேரமும் மிச்சமானது. விடிய விடிய நடந்த நாடகம் சில மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போக வேண்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! நடிக்கிறவர்களுக்கும் சரி, பார்க்கிறவர்களுக்கும் சரி.

பெண் வேடம் யார் போடுவது என்பதும் ஒரு பிரச்சினை. சபையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். நல்ல குடும்பத்துப் பெண் மேடை ஏறக் கூடாது என்று அந்தக் காலம் கட்டுப்பாடு வைத்திருந்தது. அதனால் ராணி, இளவரசி, தோழி எல்லாமே மீசையை மழித்த ஆண்கள்தான். நாடக உலகத்தில் இதற்கு ஸ்திரீபார்ட் என்று பெயர். ராஜா வேடத்துக்கு ராஜபார்ட். அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்பவர் பெண்களையே வைத்து ஒரு நாடகக் கம்பெனி நடத்திப் பெரும் புகழோடு இருந்தார். பெண்களால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் படித்த ஆண்களின் சபை அந்த வேலியைத் தாண்டவில்லை. எனக்கு இது ஒரு குறையாகத்தான் படுகிறது.

1893இல் புஷ்பவல்லி அரங்கேறிய இடம் விக்டோரியா பப்ளிக் ஹால். சிவப்புக் கல் கட்டடம். அப்போது அது கட்டிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரைகளும் பெரிய மனிதர்களும் கூட்டம் போடுகிற மண்டபம். அங்கே போய் இருபது வயது இளைஞர்கள் தமிழ் நாடகம் போட்டார்கள் என்றால் தைரியம்தான்!

அதற்குப் பிறகு சம்பந்தம் நிற்கவே இல்லை. 1895இல் அவருடைய மனோகரா மேடை ஏறியது. உங்கள் தாத்தா பாட்டியிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கண் விரியும். 1954இல் சிவாஜி கணேசன் நடித்து வந்த திரைப்படத்தை நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கதை அதற்கு ஐம்பத்தொன்பது வருஷத்துக்கு முன்பே நாடகமாக வந்துவிட்டது.

கதை இதுதான். புருஷோத்தமன் என்ற ராஜா, வசந்தசேனை என்ற பொல்லாத பெண்ணின் பேச்சைக் கேட்டுக்கொண்டு, தன் மனைவி பத்மாவதியை ஒதுக்கி வைக்கிறார். மகன் மனோகரன் பெரிய வீரன். அம்மாவுக்கு நடக்கும் அநியாயத்தைப் பார்த்து அவன் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் அம்மா அவனைப் பொறுமையாக இருக்கச் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் சொல்லை அவன் மீற மாட்டான். கடைசியில் அவனைச் சங்கிலியால் கட்டி அப்பாவின் சபைக்கு இழுத்து வருகிறார்கள். எல்லோர் முன்னாலும் அம்மாவை அவமானப்படுத்துகிறார்கள். அப்போதுதான் அம்மா தன் தடையை நீக்குகிறாள். மனோகரன் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்கிறான். அந்தக் காட்சியின் முழுப் பலமும் வசனத்திலும் நடிப்பிலும் இருக்கிறது. மனோகரன் வேடத்தில் சம்பந்தமே நடித்தார். அந்த நாடகம் எத்தனை ஊர்களில், எத்தனை குழுக்களால் நடிக்கப்பட்டது என்று எண்ணி முடியாது. சிறுவர்களே நடிக்கிற பாய்ஸ் கம்பெனிகள்கூட அதை விடவில்லை.

இதற்கிடையே அவர் சட்டம் படித்து வக்கீல் ஆகிவிட்டார். பகலில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோர்ட்டில் வாதாடுவார். மாலையில் சபைக்கு வந்து கிரீடம் வைத்துக்கொள்வார். இரண்டையும் ஒரே ஆள் செய்வதை ஊர் பார்த்தது. நாடகம் ஆடினால் வக்கீலின் மரியாதை போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். போகவில்லை. நாடகத்துக்கு மரியாதை கூடியது. கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தவர்கள் பலர் சபையில் சேர்ந்தார்கள். பின்னாளில் சுதந்திரப் போராட்டத் தலைவராகப் பெயர் பெற்ற சத்தியமூர்த்திகூட இந்தச் சபையின் மேடையில் நடித்தவர்தான்.

சபையில் ரங்கவடிவேலு என்று ஒரு நண்பர் இருந்தார். அவரும் வக்கீல். ஆனால் மேடையில் அவர் பெரும்பாலும் பெண் வேடம்தான் போடுவார். சம்பந்தம் கதாநாயகன், ரங்கவடிவேலு கதாநாயகி. இருபது வருஷத்துக்கும் மேலாக இந்த ஜோடி சேர்ந்து நடித்தது. கோர்ட்டில் ஆண் குரலில் பேசிவிட்டு, மாலையில் சேலை கட்டி, நடையையும் பார்வையையும் மாற்றிக்கொண்டு வருவது லேசான வேலையா? கொஞ்சம் தவறினால் சபை சிரித்துவிடும். சோகக் காட்சி கேலிக் கூத்தாகிவிடும். ரங்கவடிவேலு வரும்போது சிரிப்பு வரவில்லை. கண்ணீர் வந்தது.

மேடைக்கு வெளியேயும் இருவரும் உயிர் நண்பர்கள். சேர்ந்து நடிக்கிறவர்களுக்குள் பொறாமை வருவது சகஜம். யாருக்குக் கைதட்டல் அதிகம், யாருக்கு நல்ல உடை என்று மனஸ்தாபம் வந்துவிடும். இவர்கள் நட்பு அப்படி முறியவில்லை. ரங்கவடிவேலு முன்னாலேயே இறந்துபோனபோது சம்பந்தம் ரொம்ப உடைந்துபோனார். யோசித்துப் பாருங்கள். ஒரே காட்சியில், எதிரே அதே முகத்தைப் பார்த்து இத்தனை வருஷம் வசனம் பேசியிருக்கிறார். அடுத்த முறை அந்த வசனத்தைப் பேசும்போது எதிரே வேறொருவர் நிற்பார். அது எப்படி இருந்திருக்கும்!

உங்களில் பெரிய வகுப்புக்குப் போகிறவர்கள் பள்ளியில் ஷேக்ஸ்பியர் படிப்பீர்கள். ஹாம்லெட், மக்பெத் என்றெல்லாம் பெயர் காதில் விழுந்திருக்கும். சம்பந்த முதலியார் அந்த நாடகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். வெறுமனே மொழி மாற்றவில்லை. கதையையே நம் ஊருக்கு அழைத்து வந்துவிட்டார். ஹாம்லெட் யார் ஆனார் தெரியுமா? அமலாதித்தியன்! இரண்டு பெயரையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். சத்தம் ஒன்றுபோலவே வருகிறது, இல்லையா? மக்பெத், மகபதி ஆனார். சிம்பலின், சிம்ஹளநாதன் ஆனார். வெனிஸ் நகரத்து வணிகன், வாணீபுரத்து வணிகன் ஆனான். ஓபீலியா என்ற பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் அபலை. ஆதரவில்லாத பெண் என்று அதற்கு அர்த்தம். சத்தமும் பொருந்துகிறது, கதையும் பொருந்துகிறது! பெயர் வைப்பதில் மனுஷர் கெட்டிக்காரர்.

எல்லாமே சோகமும் வீரமும் என்று நினைத்துவிடாதீர்கள். சபாபதி என்று ஒரு நாடகம் எழுதினார். பணக்கார எஜமானுக்கும் சபாபதி என்று பெயர், அவர் வீட்டு வேலைக்காரனுக்கும் சபாபதி என்று பெயர். வேலைக்காரன் எதைச் சொன்னாலும் ஏடாகூடமாகச் செய்வான். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதுவும் 1941இல் திரைப்படமாக வந்தது. உங்கள் வீட்டில் யாராவது பழைய படம் பார்ப்பவர்கள் இருந்தால் சேர்ந்து பாருங்கள். இன்றைக்கும் சிரிப்பு வரும். மொத்தம் எண்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார்.

சபை சென்னையோடு நின்றுவிடவில்லை. 1911இல் சுகுண விலாச சபை இலங்கைக்குப் போனது. அந்தக் காலத்தில் கப்பலில்தான் போக வேண்டும். திரைச்சீலை, கிரீடம், வாள், பெட்டி பெட்டியாக உடை, ஹார்மோனியம், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, வேலைக்கு லீவு போட்ட ஒரு கூட்டம் கடல் கடந்து போவதைக் கற்பனை செய்து பாருங்கள். கொழும்பில் அவர்கள் நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு, சென்னையில் ஒரு காலத்தில் சம்பந்தத்துக்கு வந்த அதே ஆசை வந்தது. கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை என்று ஒன்று பிறந்தது. சபையின் பெயரிலேயே அண்ணன் தம்பி உறவு தெரிகிறது பாருங்கள். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சொர்ணலிங்கம் என்பவர் அந்தச் சபையில் முக்கியமானவர். அவர் சம்பந்த முதலியாரைத் தன் குருவாக ஏற்றுக்கொண்டார். அவருடைய நாடகங்களை இலங்கையில் பல முறை நடித்தார். பின்னாளில் கலையரசு என்ற பட்டம் பெற்றார். உங்களில் சிலருடைய பூட்டனோ பூட்டியோ அவருடைய நாடகத்தைப் பார்த்திருக்கலாம்!

அதே காலத்தில் தமிழ்நாட்டில் இன்னொரு பெரிய நாடக ஆசிரியர் இருந்தார். அவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் வழி வேறு. பாட்டு நிறைந்த நாடகங்களை எழுதி, சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கம்பெனிகள் மூலமாக ஊர் ஊராகக் கொண்டுபோனவர். சம்பந்த முதலியார் வழியில் வசனம் முன்னால் வந்தது, சுவாமிகள் வழியில் பாட்டு முன்னால் நின்றது. எது உயர்ந்தது என்று பெரியவர்கள் சில சமயம் சண்டை போடுவார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். நீங்கள் எந்தக் கட்சி?

1924இல் சம்பந்த முதலியார் நீதிபதி ஆனார். சிறிய தொகைகளுக்கான வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டில் நான்கு வருஷம் நீதிபதியாக இருந்தார். நாடகக்காரன் என்று ஊர் கேலி பேசிய காலம் போய், நாடகக்காரரே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருந்தாரா? அதுதான் இல்லை. அப்போது பேசும் படம் வந்துவிட்டது. அறுபது வயதில் அவர் சினிமாவுக்குள் நுழைந்தார். 1936இல் மனோகரா முதன்முதலாகப் படமானபோது, அதில் அவரும் நடித்தார். மனோகரனாக அல்ல, மனோகரனின் அப்பா புருஷோத்தமனாக! இளவயதில் எந்த ராஜாவின் முன்னால் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்ந்தாரோ, அந்த ராஜாவின் சிம்மாசனத்தில் இப்போது அவரே உட்கார்ந்திருந்தார்.

தன் அனுபவங்களை எல்லாம் அவர் நாடக மேடை நினைவுகள் என்ற பெயரில் ஆறு பாகங்களாக எழுதி வைத்தார். வெற்றியை மட்டும் எழுதவில்லை. மேடையில் நடந்த தவறுகளையும் சங்கடங்களையும்கூட எழுதினார். அதனால்தான் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாடகக் குழுவைப் பற்றி இவ்வளவு விவரமாக இன்று நம்மால் பேச முடிகிறது.

1959இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1964இல் அவர் காலமானார். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். தமிழ் நாடகத் தந்தை என்று அவரை மக்கள் இன்றும் அழைக்கிறார்கள்.

விக்டோரியா பப்ளிக் ஹால் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை சென்னைக்குப் போனால், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். பெரிய வெள்ளைக் கட்டடம் ரிப்பன் மாளிகை. அதை ஒட்டி, கோபுரம் வைத்த சிவப்புக் கட்டடம் ஒன்று தெரியும். இருபது வயதுச் சம்பந்தமும் அவருடைய நண்பர்களும் முகத்தில் பூச்சோடு, வசனம் மறந்துவிடுமோ என்ற பயத்தோடு, திரை தூக்குவதற்காகக் காத்துக்கொண்டு நின்ற இடம் அதுதான்.